வாய் பிளக்காத ஓவிய நோட்டு: மும்பை ஃப்ளாட்டில் கையால் கட்டுவது எப்படி

கடையில் வாங்கிய நோட்டில் படம் ஒட்டி, வண்ணம் பூசி, துணி தைத்து விளையாடத் தொடங்கினால், பத்துப் பதினைந்து பக்கம் போவதற்குள் அட்டை மூடாது. முதுகுப் பக்கம் ஒல்லியாகவே இருக்க, திறக்கும் பக்கம் மட்டும் உப்பி வாயைப் பிளந்து நிற்கும். நோட்டின் முதுகு வெறும் தாளுக்கு அளவெடுத்துக் கட்டியது. நாம் ஒட்டப்போவதற்கு அதில் இடமே விடப்படவில்லை. இப்படிப் பல பொருளைக் கலந்து செய்யும் மிக்ஸட் மீடியாவுக்கு நோட்டை நாமே கட்டுவதில் பெரிய லாபம் அழகு அல்ல, அந்த இடத்தை முன்கூட்டியே முதுகில் வைத்துத் தைத்துவிட முடிவதுதான்.

இங்கே சொல்லும் அளவுகள் ஏ5 நோட்டு ஒன்றுக்கு, அதாவது ஏ4 தாளில் பாதி அளவு. 36 இலை, அதாவது 72 பக்கம். ஒருமுறை இதைக் கட்டிப் பார்த்தால் மற்ற அளவுகளைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வாங்க வேண்டியவை

மாட்டுங்காவிலிருந்தோ சயானிலிருந்தோ மத்திய ரயில்வே ஸ்லோ வண்டி பிடித்து மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கினால் அப்துல் ரஹ்மான் தெரு நடக்கும் தூரம். தாள், அட்டை, கட்டர், கிளிப் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பக்கத்திலேயே மங்கள்தாஸ் மார்க்கெட், அட்டைக்குத் துணி வேண்டுமென்றால். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) கார்ட்ரிட்ஜ் தாள், ஏ3 அளவில் 12 (பக்கங்களுக்கு ஒன்பது, முதுகில் இடம் வைக்கச் செருகும் கீற்றுகளுக்கு இரண்டு, ஒன்று தப்புக்கு). 2 மி.மீ. கெட்டி அட்டை ஒரு ஷீட். கடையில் ‘கப்பா போர்டு’ என்று கேளுங்கள். வெறுமனே ‘புட்டா’ என்றால் பெட்டி செய்யும் மொத்த அட்டையை நீட்டிவிடுவார்கள். நூலுக்குத் தோல் தைக்கும் மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், 0.8 மி.மீ.; தாராவியில் தோல்பை வேலை நடக்கும் பக்கம் கேட்டால் கிடைக்கும். பூக்கட்டும் நூல் வேண்டாம், இழுத்த இழுப்பில் அறுந்துவிடும். சாதாரணப் பருத்தி நூல்தான் இருக்கிறதென்றால் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி உதவாது, தைக்கும்போதே பொரிப்பொரியாக உதிரும்.

இவை போக குத்தூசி, முனை மழுங்கிய தடித்த ஊசி, ஸ்டீல் ஸ்கேல், ஃபெவிகால். மடிப்பை அழுத்தத் தனியாகக் கருவி தேவையில்லை, எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கம் போதும்.

இழை ஓட்டத்தைப் பார்க்காமல் வெட்டாதீர்கள்

மில் தாளில் இழைகள் ஒரு திசையாகப் படுத்திருக்கும். ஈரம் பட்டால் இழை பக்கவாட்டில்தான் அதிகம் உப்பும், நீளத்தில் அவ்வளவாக நீளாது. ஆகவே இழை ஓட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும், பசை பட்ட பக்கம் முதுகோரத்தில் அலை அலையாக நெளியும். அதை அப்புறம் எந்த எடை வைத்தாலும் சரிசெய்ய முடியாது.

தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த மடிப்புக்கோட்டின் திசைதான் இழை ஓட்டம். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் இரண்டு அங்குலச் சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். அது குழாய்போலச் சுருளும். குழாயின் நீளவாக்குதான் இழை.

ஏ3 தாளில் இழை 420 மி.மீ. பக்கத்தோடு ஓடினால் நமக்கு யோகம். சரிபாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் இழை தானாகவே முதுகோடு வந்துவிடும். ஜெராக்ஸ் கடை ஏ4 தாளில் பெரும்பாலும் இது நேர்மாறாக இருக்கும். அதை மடித்துக் கட்டிய நோட்டு விறைப்பாகத் திறப்பது அதனால்தான். கையால் செய்த பருத்தித் தாளில், உதாரணமாகப் புதுச்சேரி ஆசிரமத் தாளிலோ சாங்கானேர் தாளிலோ, இழை எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கும் என்பதால் இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் விலை கூடும், தண்ணீரையும் பஞ்சுபோல உறிஞ்சும்.

ஈர வேலை முதலில், தையல் கடைசியில்

தைத்த பிறகு பக்கத்துக்குப் பக்கம் காயக் காத்திருப்பதைவிட, தனித்தனித் தாளாக இருக்கும்போதே அடிப்பூச்சையும் நீர்க்கக் கரைத்த வண்ணப் பூச்சையும் முடித்துவிடுங்கள். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம்.

அடிப்பூச்சான ஜெஸ்ஸோவை வீட்டிலேயே கலக்கலாம்: வெள்ளை அக்ரிலிக் 2 ஸ்பூன், சாக் பவுடர் 2 ஸ்பூன், ஃபெவிகால் 1 ஸ்பூன், தண்ணீர் 1 ஸ்பூன். பவுடரை முதலில் தண்ணீரில் குழைத்துவிட்டு மற்றதைச் சேர்த்தால் கட்டி விழாது. தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்க வேண்டும். கெட்டியாகப் பூசினால் காய்ந்ததும் வெடிக்கும். மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள், தாளின் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தாள் அப்பளம்போலச் சுருண்டுகொள்ளும்.

மடிப்புக்கோட்டின் இருபுறமும் 1 செ.மீ. பூசாமல் விடுங்கள். அங்கே ஜெஸ்ஸோ இருந்தால் மடிக்கும்போது விரிசல் விடும், குத்தூசி நுழையும் இடமெல்லாம் சுண்ணாம்புப் பொடியாக உதிரும்.

சொரசொரப்பு வேண்டுமானால் கோலமாவு கைகொடுக்கும். ஆனால் கல்மாவுதான். மெல்லிய வடிகட்டியில் சலித்து ஃபெவிகாலில் குழைத்துப் பழைய ஏடிஎம் கார்டால் இழுத்தால் நல்ல மேடுபள்ளம் வரும். அரிசிமாவுக் கோலப்பொடியைப் போட்டால் எறும்புக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்ததாகும்.

மஞ்சள் கரைசல் பூசிய தாளில் சுண்ணாம்பு நீரால் கோடிழுத்தால், ஆரத்தித் தட்டில் நடப்பதுபோலவே கோடு சிவக்கும். பார்க்க அருமை. ஆனால் மஞ்சள் வெளிச்சத்தில் வெளுக்கும் நிறம். மூடிய புத்தகத்துக்குள் வைக்கலாம், சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட நம்பக் கூடாது. ஃபில்டர் டிகாக்‌ஷன் கறை அவ்வளவு சீக்கிரம் மங்காது. இரண்டாவது டிகாக்‌ஷனே போதும், முதலாவதைக் குடித்துவிடுங்கள்.

எதை ஒட்டுவது என்பதிலும் கொஞ்சம் தேர்வு வேண்டும். தமிழ்ச் செய்தித்தாள் துண்டு மரக்கூழ்த் தாள். சில ஆண்டுகளில் பழுத்து மொறுமொறுக்கும். அந்தப் பழுப்பு பிடிக்குமென்றால் ஒட்டுங்கள், பிடிக்காதென்றால் லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். கடை பில், ஏடிஎம் சீட்டு எல்லாம் வெப்பத்தால் அச்சாகும் தாள். எழுத்து தானே மறையும், சூடுபட்டால் மொத்தமும் கறுக்கும். அதற்கும் லேசர் நகல்தான் வழி. இங்க்ஜெட் நகல் பசையின் ஈரத்திலேயே கசிந்துவிடும்.

எழுத்தை மட்டும் தாளில் இறக்க வேண்டுமா? லேசர் நகலைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி எடுங்கள். இதை மறந்தால் ‘க’ இடவலம் மாறி வந்து நிற்கும். பக்கத்தில் அக்ரிலிக் மேட் மீடியம் (நிறமும் பளபளப்பும் இல்லாத அக்ரிலிக் பூச்சு) பூசி, நகலைக் குப்புற ஒட்டி, காற்றுக் குமிழ் போக அழுத்தி, ஒரு இரவு காயவிடுங்கள். மறுநாள் பின்பக்கத்தை ஈர விரலால் வட்டமாகத் தேய்த்தால் தாள் உருண்டு உருண்டு வந்துவிடும், மை தங்கும். இந்த வேலைக்கு ஃபெவிகால் ஒத்துவராது. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகி, மையையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும்.

முதுகில் இடம் வைப்பது

ஏ3 தாள் 9, பாதியாக வெட்டினால் 18. மூன்று மூன்றாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஆறு கட்டு. பைண்டர்கள் இதை ஃபாரம் என்பார்கள். 200 ஜிஎஸ்எம் தாளில் ஒரு ஃபாரத்துக்கு மூன்றுக்கு மேல் போகாதீர்கள். நான்கு வைத்தால் உள்தாள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

இப்போது அதே தாளில் 5 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரமுள்ள கீற்றுகள் பன்னிரண்டு வெட்டி நீளவாக்கில் மடியுங்கள். ஒவ்வொரு ஃபாரத்திலும் வெளித்தாளுக்கும் நடுத்தாளுக்கும் இடையே ஒன்று, நடுத்தாளுக்கும் உள்தாளுக்கும் இடையே ஒன்று.

கணக்கு இப்படி: இந்தத் தாள் ஒன்று சுமார் கால் மி.மீ. தடிமன். 36 இலைக்கு 9 மி.மீ. கீற்றுகள் முதுகில் மட்டும் 24 அடுக்கு, 6 மி.மீ. ஆக முதுகு 15, திறக்கும் பக்கம் 9. அந்த 6 மி.மீ.தான் நமக்கான இடம். ஜெராக்ஸ் தாள் ஒன்று 0.1 மி.மீ.; பசையையும் சேர்த்தால் அதுபோல ஐம்பது அடுக்கு புத்தகம் முழுக்க ஒட்டலாம். துணி, கயிறு, பொத்தான் என்று ஒட்டுகிறவர்கள் கீற்றை இரட்டையாக வையுங்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி விறைப்பான அட்டையைப் பக்கத்தில் ஒட்டாமல் இந்தக் கீற்றிலேயே ஒட்டிவிட்டால் அது தனி இலையாகத் திரும்பும்.

அட்டை

216 × 152 மி.மீ. அளவில் இரண்டு, இழை மேல்கீழாக. கட்டரை ஒரே அழுத்தில் ஓட்ட நினைத்தால் ஸ்கேல் நழுவும், விரல் போகும். லேசாகப் பத்துப் பன்னிரண்டு முறை இழுங்கள்.

பழைய சுங்குடியோ வேட்டியோ அட்டைக்கு நன்றாக உட்காரும். சுங்குடி சாயம் போகுமா என்று ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். துணியை நேராக ஒட்டினால் பசை இழை வழியாக மேலே கசிந்து கறையாகும். அதற்கு முன் மைதா பசையில் ஒரு மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாளைத் துணியின் பின்னால் ஒட்டிக் காயவிடுங்கள். மைதா 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 10. சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு நிமிடத்தில் வெள்ளை மாறிக் கண்ணாடிபோலாகும். அதுவரை இறக்கக் கூடாது, பச்சை மாவு ஒட்டாது. பூச்சிக்காக இதில் மயில்துத்தம் போடும் பழைய வழக்கம் உண்டு. அது விஷம், சமையலறையில் காய்ச்சும் பசைக்கு வேண்டாம். நான்கு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டு ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

துணியை 256 × 192 வெட்டி, அட்டையில் ஃபெவிகால் மெலிதாகத் தடவி ஒட்டுங்கள். மூலையைச் சாய்வாக வெட்டும்போது அட்டை முனையிலிருந்து 3 மி.மீ. விட வேண்டும், ஒட்ட வெட்டினால் முனையில் அட்டை எட்டிப்பார்க்கும். உள்பக்கம் 206 × 142 தாள் ஒட்டுங்கள். இது அலங்காரத்துக்கு மட்டுமல்ல. வெளித்துணி காயும்போது அட்டையைத் தன் பக்கம் வளைக்கும், உள்தாள் மறுபக்கம் இழுத்துச் சமன் செய்யும். இரண்டு வெற்றுத்தாளுக்கு நடுவே வைத்து மேலே ஐந்து கிலோ அரிசிப் பை. தாளை முதல் நாள் மூன்று தடவையாவது மாற்றுங்கள்.

தையல்

ஃபாரத்தின் மடிப்பில் மேலிருந்து 15, 60, 105, 150, 195 மி.மீ.யில் ஐந்து துளை. விரித்த பழைய புத்தகத்தின் நடுவில் ஃபாரத்தைக் கிடத்தி, குத்தூசியை மடிப்புக்குள் நேராக இறக்குங்கள். சாய்ந்தால் துளை மடிப்பை விட்டு விலகும். அட்டை மேலே 3 மி.மீ. நீண்டிருப்பதால் அதில் துளை 18, 63, 108, 153, 198. முதுகோரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே. இந்த 3 மி.மீ.யை மறப்பதுதான் பலருடைய முதல் நோட்டு கோணலாவதற்குக் காரணம்.

நூல் இரண்டரை மீட்டர். அட்டைமேல் முதல் ஃபாரத்தை வைத்து, உள்ளிருந்து முதல் துளை வழியாக வெளியே வாருங்கள், உள்ளே ஒரு சாண் வால் விட்டு. அட்டையைச் சுற்றி, அதன் வெளிப்பக்கத்திலிருந்து துளைக்குள் நுழைந்தால் ஊசி அட்டைக்கும் ஃபாரத்துக்கும் நடுவில் வரும். அங்கே தன் நூலையே ஒருமுறை சுற்றிவிட்டு, வந்த துளையிலேயே ஃபாரத்துக்குள் திரும்புங்கள். வாலோடு முடிச்சு. இப்படியே இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாம் துளையில் சுற்றிய பிறகு திரும்பி உள்ளே போகாமல், மேலே வைத்த இரண்டாவது ஃபாரத்தின் ஐந்தாம் துளைக்குள் ஏறுங்கள்.

இரண்டாவதிலிருந்து அட்டைக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு துளையிலும் வெளியே வந்து, கீழ் அடுக்கில் இருக்கும் தையலின் பின்னால் ஊசியைக் கொடுத்து, அதே துளைக்குள் திரும்பினால் சங்கிலி விழும். வரிசையின் கடைசித் துளையில் மட்டும் முன்போலவே உள்ளே திரும்பாமல் அடுத்த ஃபாரத்துக்கு ஏறுங்கள். ஊசியை எப்போதும் ஒரே பக்கமாகக் கொடுங்கள், மாறினால் சடை பின்னல் பிசகியதுபோலத் தெரியும். கடைசி ஃபாரத்தில் ஒவ்வொரு துளையிலும் கீழே சங்கிலி போட்டுவிட்டு, மேலே ஏறிப் பின்னட்டையையும் முதல் அட்டைபோலவே பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

நூலை இறுக்கும்போது முதுகோடு ஒட்டி, தையல் போகும் திசையிலேயே இழுங்கள். உங்களை நோக்கி வெடுக்கென்று இழுத்தால் துளை கிழிந்து நீளும். கிழிந்துவிட்டால் அந்த மடிப்பில் மெல்லிய தாள் கீற்று ஒன்றை மைதா பசையால் ஒட்டிக் காயவைத்து மறுபடி குத்தலாம். நூல் தீர்ந்தால் புது நூலை ஃபாரத்தின் உள்ளே முடியுங்கள், முதுகில் வேண்டாம்.

மழைக்காலம்

ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து செப்டம்பர் வரை மேலே சொன்ன காயும் நேரத்தை எல்லாம் இரட்டிப்பாக்குங்கள். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் அட்டை உள்ளே ஈரமாக இருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். ஏசி உள்ள அறை இருந்தால் அங்கே காயவையுங்கள்.

அக்ரிலிக் பூசிய பக்கங்கள் எதிரெதிரே இருந்தால் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த அக்ரிலிக்கும் சூட்டில் சற்று இளகும் என்பதால் இது நேர்கிறது. தேன்மெழுகைத் துணியில் தொட்டு மிக லேசாகத் தேய்த்து மெருகேற்றினால் ஒட்டாது. அதுவரை நடுவே கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் வையுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஃப்ரீசரில் பையில் சுற்றி அரை மணி நேரம் வைத்தால் பூச்சு விறைக்கும், மழுங்கிய கத்தியால் ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரிக்கலாம். நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைக்க வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒரே வாரத்தில் பூஞ்சை பூத்துவிடும். வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், நிறுத்தி வையுங்கள்.