பழைய அமெரிக்க ப்ரூஃப் செட் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய அமெரிக்க ப்ரூஃப் செட் (சேகரிப்பவர்களுக்காக நாணயச்சாலை தனியாக அடித்து விற்ற காசுத் தொகுப்பு) சேர்க்கத் தொடங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். உறையையும் வருடத்தையும் பார்த்து விலை பேசுகிறார்கள், உள்ளே இருக்கும் ஐந்து காசுகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை.

முதலில் ஒன்று. ப்ரூஃப் என்பது தரக்குறி இல்லை, தயாரிக்கும் முறை. மெருகேற்றிய அச்சு, காசாக அடிக்கப்போகும் உலோக வில்லையையும் மெருகேற்றுவது, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பது, இவ்வளவுதான். அதனால் கைரேகையும் கீறலும் விழுந்த காசும் ப்ரூஃப்தான், ஆனால் அதற்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.

"அறுபது வருடத்துக்கு முந்தையது, அபூர்வமானது" என்று சொல்லி விற்பார்கள், நம்பாதீர்கள். இரண்டாம் உலகப் போரால் நின்றுபோய் 1950இல் மறுபடி தொடங்கியபோது விற்றது 51,386 செட். 1957இல் அது 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது, 1964இல் 39 லட்சத்துக்கும் மேல். சாதாரண 1964 செட்டின் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் அதிலுள்ள வெள்ளிதான். 1950 முதல் 1964 வரை டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), ஹாஃப் டாலர் (50 சென்ட்) மூன்றும் 90 சதவீதம் வெள்ளி, மூன்றையும் சேர்த்தால் சுமார் 0.61 டிராய் அவுன்ஸ் (ஒரு டிராய் அவுன்ஸ் சுமார் 31.1 கிராம்) வெள்ளி. அன்றைய வெள்ளி விலையை வைத்து இதைக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். 1968 முதல் 1970 வரை ஹாஃப் டாலர் மட்டும் 40 சதவீதம் வெள்ளி. 1971 செட்டை யாராவது வெள்ளி என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நடுவில் 1965, 66, 67 மூன்று வருடங்களும் ப்ரூஃப் செட்டே கிடையாது. அப்போது அதற்குப் பதிலாக வந்தவை, ப்ரூஃப் அல்லாத ஸ்பெஷல் மின்ட் செட். அவற்றை ப்ரூஃப் என்று சொல்லி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதேபோல 1936 முதல் 1942 வரை ப்ரூஃப் காசுகளைத் தனித்தனியாகவும் வாங்க முடிந்தது. 1936இல் சென்ட் 5,569 அடித்தார்கள், குவார்ட்டர் 3,837தான். எண்ணிக்கையே ஒத்துப்போகவில்லை, அதனால் அந்தக் காலத்துச் செட்டுகளில் நிறைய, பின்னால் யாரோ சேர்த்து வைத்தவை. அதில் தப்பில்லை, "நாணயச்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது" என்று கூடுதல் விலை கேட்பதுதான் தப்பு.

அதிகப் பணம் போவது கேமியோ என்று சொல்லும் காசுகளில்தான். புது அச்சில் முதலில் அடிக்கும் காசுகளில் உருவம் பனி படிந்த மாதிரி வெளுப்பாகவும் பின்புலம் கண்ணாடி மாதிரியும் இருக்கும், கொஞ்சம் காசு அடித்ததும் அந்த வெளுப்பு தேய்ந்துவிடும். ஐம்பதுகளில் இப்படி வந்த காசுகள் குறைவு, அதனால் சாதாரண ப்ரூஃபைவிடப் பல மடங்கு விலை போகின்றன. ஆனால் விளக்கைச் சாய்த்துப் படம் எடுத்தால் எந்தக் காசும் கேமியோ மாதிரி தெரியும்! இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு கோணத்தில் படம் கேளுங்கள், ஒரு பக்கம் மட்டும் வெளுப்பாக இருந்தால் கேமியோ விலை தராதீர்கள். அதேசமயம், எண்பதுகளுக்குப் பிந்தைய செட்டுகளில் ஆழ்ந்த கேமியோ (வெளுப்பும் பளபளப்பும் மிகத் தெளிவாக வேறுபடுவது) என்பது வழக்கமான விஷயம், அதற்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

ஒட்டிய உறையைப் பிரிக்காமல் வாங்குவதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். 1960 உறையில் தேதியைச் சிறிய எழுத்தில் அடித்த அரிதான சென்ட் இருக்கலாம், 1964இல் கென்னடியின் முடிக்கோடுகள் தடித்த ஹாஃப் டாலர் இருக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். உறையைப் பிரித்துப் பார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டு மறுபடி ஒட்டுவது பெரிய வித்தை இல்லை.

பராமரிப்புக்கு வருவோம். 1950களின் தொடக்கத்துப் பெட்டிகளில் செலோபேன் பைகளை ஸ்டேப்பிள் பின் அடித்து வைத்திருப்பார்கள், அது துருப்பிடித்தால் காசும் போச்சு. வாங்கும் முன் அதைப் பாருங்கள். மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும், மைலார் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் உறையே நல்லது. மங்கலாகத் தெரிகிறது என்று துணியால் துடைக்கவே கூடாது, கண்ணாடிப் பரப்பில் விழும் மெல்லிய கீறல் திரும்பப் போகாது. சுத்தமான அசிட்டோனில் நனைத்து எடுப்பதை அனுபவசாலிகள் செய்வார்கள், நகப்பூச்சு நீக்கும் திரவம் அதற்குச் சமம் கிடையாது. செப்புச் சென்ட்டில் கை வைக்காமல் இருப்பதே மேல்.

கடைசியாக, 'எஸ்' இல்லாத காசுகள். 1968 முதல் ப்ரூஃப் சான் பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்டதால் அந்த நாணயச்சாலையின் குறியான அந்த எழுத்து இருக்க வேண்டும். 1968, 1970, 1983 டைம், 1971 நிக்கல் (5 சென்ட்), 1990 சென்ட் ஆகியவற்றில் சில, எழுத்து இல்லாமல் வெளியே போய்விட்டன, விலை மிக அதிகம். ஆனால் பிலடெல்பியாவில் புழக்கத்துக்காக அடித்த 1990 சென்ட்டிலும் எழுத்து கிடையாது, அதைச் செட்டில் மாற்றி வைத்து விற்கலாம். கூரான விளிம்பும் கண்ணாடிப் பின்புலமும் இருக்கிறதா, எழுத்தைச் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காசுகளைச் சோதித்துத் தரம் பிரிக்கும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி சான்று இல்லாமல் இவற்றுக்குப் பெரிய தொகை தர வேண்டாம், சான்று எண்ணையும் அவர்கள் தளத்திலேயே போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.