தேதியை அவளே சொல்லட்டும்

போன வருடம் தாங்க முடியாத வயிற்று வலி என்று என் மகளை லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவளுக்கு 14 வயது. "கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துச்சும்மா?" என்று டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார், நான் முந்திக்கொண்டு "20ஆம் தேதி" என்றேன். "இல்லம்மா, 12" என்றாள் அவள், பாதிக் குரலில். எத்தனை நாள் உதிரம் படுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், எதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனால் கடைசிவரை பேசியது நான்தான்.

அதனால் முதல் வேலையாகத் தேதியை அவளிடம் கொடுத்துவிட்டேன். ஆப் எல்லாம் வேண்டாம். சிலிண்டர் வந்த நாள், பால் வாங்காத நாள் எல்லாம் குறிக்கிற மாதக் காலண்டரிலேயே தொடங்கிய நாளுக்கு ஒரு புள்ளி, நின்ற நாளுக்கு ஒரு கோடு. அடுக்களையில் எல்லார் கண்ணிலும் படுமே என்று கூச்சப்பட்டாள். சரி, நோட்டில் எழுது என்று விட்டுவிட்டேன், இரண்டு மாதம் கழித்துத் தானாகவே காலண்டருக்கு வந்துவிட்டாள்.

குறித்தால் மட்டும் போதாது, படிக்கவும் தெரிய வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரை எண்ணச் சொல்லுங்கள். வயதுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருடம் இது 21 நாளாகவும் இருக்கலாம், 45 நாளாகவும் இருக்கலாம், மாதாமாதம் மாறவும் செய்யும், பதற வேண்டாம். ஆனால் 3 மாதமாக வரவே இல்லை, 7 நாளைத் தாண்டியும் நிற்கவில்லை, மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, பள்ளிக்கே போக முடியாத வலி என்றால் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலும் அப்படித்தான். இதையெல்லாம் உங்கள் மனதில் வைத்துக்கொள்ளாமல் அவளிடமே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கடை. மஞ்சள் நீராட்டுக்கு ஃப்ளெக்ஸ் வைத்து ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டோம், அதே ஊரில் நாப்கினை மட்டும் நியூஸ் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் வாங்கி வருகிறோம், என்ன கணக்கோ! முதல் தடவை கூடவே போங்கள், கேட்பது அவளாக இருக்கட்டும். அடுத்த தடவை நீங்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருங்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசம், டீச்சரிடம் வாய்விட்டுக் கேட்கப் பழக்குங்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆனால் ஸ்கூல் பாத்ரூம் சரியில்லை என்று காலையில் வைத்ததோடு சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருக்கிற பிள்ளைகள் நிறைய. பையில் இரண்டு நாப்கின், ஒரு ஜட்டி, சுற்றிப் போடக் கொஞ்சம் பழைய பேப்பர், இதை அவளே எடுத்து வைக்கட்டும்.

ஒரு விஷயத்தில் நான் கறார். கோயில் திருவிழா, கல்யாணம் என்று மெடிக்கலில் தள்ளிப்போடுகிற மாத்திரையை நாமே வாங்கிக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அது ஹார்மோன் மாத்திரை, யாருக்குக் கொடுக்கலாம், கூடாது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் போகுமுன் வீட்டிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். கடைசித் தேதி என்ன, எத்தனை நாள், எங்கே வலிக்கிறது, இந்த மூன்றையும் அவள் வாயால் சொல்லிப் பார்க்கட்டும். உள்ளே போன பிறகு, "நான் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். உங்கள் முன்னால் கேட்கக் கூசுகிற கேள்வி ஒன்றாவது அவளிடம் இருக்கும். யாரிடமும் நேரில் கேட்க முடியாவிட்டால் 104க்குப் போன் செய்யலாம், அரசின் மருத்துவ உதவி எண்.

பையன் இருக்கிற வீட்டிலும் பேச்சு வேண்டும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் இல்லை என்று அப்பாவோ மாமாவோ சொல்லாவிட்டால், லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர் வேறு மாதிரி சொல்லிக் காசு பிடுங்குவார். இன்னொன்று, விதையில் திடீரென்று கடுமையாக வலித்தால் உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அதை இழக்க நேரிடும். வெட்கப்பட்டு விடியும்வரை படுத்துக் கிடக்காதே, ராத்திரி இரண்டு மணியானாலும் எங்களை எழுப்பு என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.