56 இடம், 9 இடம்: ஸ்காட்லாந்து தனிநாடு பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 மே 8 காலையில் வெளியான, பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலின் ஸ்காட்லாந்து வரைபடம் மேலிருந்து கீழ்வரை மஞ்சளாக இருந்தது. மொத்தம் 59 தொகுதிகள். அதில் 56 தனிநாடு கேட்கும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு, அதாவது எஸ்.என்.பி.க்கு. "தனிநாடு வந்தாச்சு, இனி நாள் குறிப்பதுதான் பாக்கி" என்று பேசியவர்கள் பலர். ஒன்பது ஆண்டு கழித்து, 2024 ஜூலைத் தேர்தலில் அதே கட்சிக்கு 57 தொகுதிகளில் 9 மட்டுமே கிடைத்தன. "தனிநாட்டுப் பேச்சு இத்தோடு முடிந்தது" என்று அதே வேகத்தில் சொன்னார்கள். முதலில் செய்த தவறைத்தான் இரண்டாவது முறையும் செய்தார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை அதிகம். தங்கள் நாடு எது என்ற கேள்வியை ஒரு மக்கள் துப்பாக்கி எடுக்காமல், வாக்குச்சீட்டை வைத்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றித் தமிழில் பேசும்போது கணக்கும் பெயரும் சரியாக இருக்க வேண்டும்.

இடங்களை எண்ணி மனதைக் கணிப்பது

பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலும் நம் ஊர்த் தேர்தல் போலத்தான். தொகுதியில் முதலில் வருபவருக்கே இடம். இரண்டாவதாக வருபவர் எத்தனை ஆயிரம் வாக்கு வாங்கினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2015-ல் எஸ்.என்.பி. வாங்கியது 14,54,436 வாக்குகள், பதிவானதில் பாதி. அந்தப் பாதிக்கு 95 சதவீத இடங்கள் கிடைத்தன. 24 சதவீத வாக்கு வாங்கிய லேபர் கட்சிக்கு ஒரே ஓர் இடம். 2024-ல் காற்று மாறியது. லேபர் 35 சதவீத வாக்கில் 37 இடங்களைப் பிடித்தது, எஸ்.என்.பி. 30 சதவீதம் வாங்கியும் 9 இடங்களில் நின்றுவிட்டது. வாக்கில் ஐந்து சதவீதப் புள்ளிதான் வித்தியாசம், இடத்தில் நான்கு மடங்கு.

இத்தனை ஏற்ற இறக்கத்துக்கும் நடுவே, தனிநாடு வேண்டுமா என்ற கேள்விக்கான பதில் பெரிதாக அசையவில்லை. 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 'ஆம்' 44.7 சதவீதம், 'இல்லை' 55.3 சதவீதம். வாக்களித்தவர்கள் 84.6 சதவீதம். அதன் பிறகு வந்த கருத்துக்கணிப்புகளில் 'ஆம்' பெரும்பாலும் பாதிக்குச் சற்றுக் கீழேயே நின்றிருக்கிறது. 2020-ல் சில மாதங்கள் பாதியைத் தாண்டியது.

ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். எடின்பரோவுக்கு எதிர்க்கரையில், ஃபைஃப் பகுதியில் கிர்க்கால்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. எழுத்தில்தான் கிர்க்கால்டி, ஊர்க்காரர்கள் வாயில் அது 'கர்கோடி'. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் பிறந்த ஊர். முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுன் நின்று வென்ற தொகுதி. 2010-ல் அவர் 23,009 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2015-ல் அவர் நிற்கவில்லை, தொகுதி எஸ்.என்.பி.க்குப் போனது. 2017-ல் 259 வாக்கில் லேபர் திரும்பப் பிடித்தது. 2019-ல் எஸ்.என்.பி. பெயரில் நின்றவர் வென்றார். 2024-ல், எல்லையும் பெயரும் கொஞ்சம் மாறியபின், மறுபடி லேபர். அப்படியானால் அந்த ஊர் மக்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை தேசியவாதிகளாகவும், பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் ஒன்றியவாதிகளாகவும் மாறிக்கொண்டே இருந்தார்களா? இல்லை. 2014 வாக்கெடுப்பில் ஃபைஃப் பகுதியின் முடிவு 'இல்லை' 55, 'ஆம்' 45. நாடு முழுவதன் முடிவும் ஏறக்குறைய அதேதான். மக்கள் அப்படியே இருந்தார்கள். கொஞ்சம் பேர் கட்சி மாறியதும், கொஞ்சம் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டதும் தொகுதியைப் புரட்டப் போதுமானதாக இருந்தது.

எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் கணக்கு வேறு. அது இருக்கும் இடத்தை வைத்து ஹோலிரூட் என்பார்கள். 129 உறுப்பினர்களில் 73 பேர் தொகுதியிலிருந்தும் 56 பேர் வட்டாரக் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருவார்கள். ஒருவருக்கு இரண்டு வாக்கு. 2021 தேர்தலில் தொகுதி வாக்கில் தனிநாடு கேட்கும் கட்சிகள் சேர்ந்து வாங்கியது சுமார் 49 சதவீதம். பட்டியல் வாக்கில் பாதியை மயிரிழையில் தாண்டின. இரண்டையும் போட்டது ஒரே நாளில், ஒரே மக்கள். அப்புறம் என்ன, ஒரு தரப்பு தொகுதிச் சீட்டைக் காட்டி 'நீங்கள் பாதிகூட இல்லை' என்றது. மற்றத் தரப்பு பட்டியல் சீட்டைக் காட்டி 'நாங்கள்தான் பெரும்பான்மை' என்றது. இருவரும் சொன்ன எண் சரி. அந்த எண்ணால் தாங்க முடியாத பாரத்தை அதன்மேல் ஏற்றியதுதான் பிழை.

கட்சியும் கோரிக்கையும் ஒன்று என்று நினைப்பது

2015 பிரசாரத்தில் எஸ்.என்.பி. தலைவர் நிக்கோலா ஸ்டர்ஜன், தனக்குப் போடும் வாக்கு இன்னொரு வாக்கெடுப்புக்கான வாக்கு அல்ல என்று தெளிவாகச் சொன்னார். லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் ஸ்காட்லாந்தின் குரல் வலுவாக ஒலிக்க வேண்டும் என்றே கேட்டார். 56 இடம் வந்தது. 2024-ல் ஜான் ஸ்வின்னி தலைமையில் தேர்தல் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே தனிநாடு இருந்தது. 9 இடம் வந்தது. 2015 வெற்றியைத் தனிநாட்டுக்கான ஆணை என்று சொல்பவர், அந்தக் கட்சியே அப்போது அப்படிக் கேட்கவில்லை என்பதை மறைக்கிறார். 2024 தோல்வியைத் தனிநாட்டின் தோல்வி என்று சொல்பவருக்கு இதைவிடக் கொஞ்சம் வலுவான வாதம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மக்கள் மனதில் ஓடிய வேறு கேள்விகளை அவர் விட்டுவிடுகிறார்.

என்ன கேள்விகள்? 14 ஆண்டுக் கன்சர்வேடிவ் ஆட்சியை லண்டனிலிருந்து இறக்க வேண்டும். அதற்கு லேபருக்குப் போடுவதே நேர்வழி என்று தனிநாட்டை விரும்புபவர்களிலேயே பலர் நினைத்தார்கள். ஹோலிரூட்டில் எஸ்.என்.பி. 2007 முதல் ஆட்சியில் இருக்கிறது. மருத்துவமனையில் காத்திருப்போர் பட்டியல், பள்ளிகளின் நிலை, தீவுகளுக்கு ஓட வேண்டிய படகுகள் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் பதில் சொல்ல வேண்டும். அர்ரன் தீவுக்கென 2015-ல் ஒப்பந்தம் போட்ட 'கிளென் சானக்ஸ்' கப்பல் 2018-ல் வந்திருக்க வேண்டியது. பயணிகளை ஏற்றத் தொடங்கியது 2025 ஜனவரியில். தீவில் இருப்பவருக்குக் கப்பல் வராத கோபம் தனி, நாடு பற்றிய கனவு தனி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். லேபருக்கு வாக்களித்தவர்களில் 'ஆம்' தரப்பினர் உண்டு, எஸ்.என்.பி.க்கு வாக்களித்தவர்களில் 'இல்லை' தரப்பினரும் உண்டு. தனிநாட்டை ஆதரிக்கும் பசுமைக் கட்சியைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்களும் நிறைய.

தேர்தலில் ஜெயித்தால் வழி திறந்துவிடும் என்பது

திறக்காது. 1998 ஸ்காட்லாந்து சட்டப்படி, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்த ஒன்றியம் பற்றிய விவகாரம் லண்டன் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. 2011 ஹோலிரூட் தேர்தலில் அப்போதைய எஸ்.என்.பி. தலைவர் அலெக்ஸ் சால்மண்ட் 69 இடங்களோடு தனிப்பெரும்பான்மை பெற்றபோதும் அவரால் நேரடியாக வாக்கெடுப்பு நடத்த முடியவில்லை. 2012 அக்டோபரில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரனோடு எடின்பரோ ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின் கீழ் தற்காலிகமாக அதிகாரம் வந்த பிறகே 2014 வாக்கெடுப்பு நடந்தது. பிற்பாடு கேட்டபோது அடுத்து வந்த பிரதமர்கள் தெரசா மேயும் போரிஸ் ஜான்சனும் மறுத்தார்கள். லண்டன் அனுமதியில்லாமல் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு 2022 நவம்பர் 23-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக 'முடியாது' என்றது.

இந்தத் தீர்ப்பைப் பற்றியும் ஒரு பிழையான பேச்சு உண்டு. நீதிமன்றம் சொன்னது ஹோலிரூட்டின் சட்டம் இயற்றும் எல்லையைப் பற்றி. தனிநாடு நியாயமா இல்லையா என்பதை அது எடைபோடவே இல்லை.

அடுத்து, 2014 வாக்கெடுப்பு 'ஒரு தலைமுறைக்கு ஒரு முறை' வரும் வாய்ப்பு என்ற அந்தப் பிரபலமான வாசகம். அதை எதிர்த்தரப்பு கட்டிவிட்டது என்று சொல்வது தவறு. சால்மண்டே அப்படிப் பேசினார். அது ஒப்பந்தத்தில் எழுதிய நிபந்தனை என்பதும் தவறு. எடின்பரோ ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை. வட அயர்லாந்துக்கு மட்டும், ஒரு வாக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஏழு ஆண்டாவது இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது.

'இங்கிலாந்திலிருந்து பிரிகிறது' என்பது

தமிழில் பிரிட்டன் முழுவதையும் இங்கிலாந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சாதாரணப் பேச்சில் பரவாயில்லை. இந்த வாதத்தில் அது அடித்தளத்தையே கெடுத்துவிடுகிறது. ஸ்காட்லாந்து இங்கிலாந்தின் மாகாணம் அல்ல. 1707-ல் இரண்டு நாடாளுமன்றங்கள் இணைந்து உருவான ஒன்றியத்தில் அது ஒரு பங்காளி. பிரிவது என்றால் அந்த ஒன்றியத்திலிருந்துதான். 'இங்கிலாந்திலிருந்து' என்று பேசினால் எல்லாமே ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடக்கும் சண்டை போலத் தோன்றும். உண்மையில் 2014-ல் 'இல்லை' பிரசாரத்துக்குத் தலைமை தாங்கிய அலிஸ்டர் டார்லிங் எடின்பரோ தொகுதி எம்.பி. கடைசி நாட்களில் அனல் பறக்கப் பேசிய கார்டன் பிரவுன் ஸ்காட்லாந்துக்காரர். 'இல்லை' போட்ட இருபது லட்சம் பேரும் ஸ்காட்லாந்தில் வாழ்பவர்களே.

மொழியையும் இனத்தையும் தேடுவது

தேசியம் என்றதும் நமக்கு முதலில் மொழி நினைவுக்கு வருகிறது. ஸ்காட்லாந்தில் அந்தச் சாவி பொருந்தாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசுவோர் சுமார் 57,000 பேர், ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். 1707-க்குப் பிறகும் தனியாகவே நீடித்த சட்டமுறை, திருச்சபை, கல்வி ஆகிய அமைப்புகள்தான் தனி நாடு என்ற நினைப்பைக் காத்து வந்தன.

யாருக்கு வாக்கு என்பதைப் பார்த்தால் இன்னும் புரியும். 2014-ல் பிறப்பை வைத்து அல்ல, வசிப்பிடத்தை வைத்துத்தான் வாக்குரிமை கொடுத்தார்கள். கிளாஸ்கோவில் பிறந்து லண்டனில் குடியிருந்தவருக்கு வாக்கு இல்லை. கிளாஸ்கோவில் முறையான அனுமதியோடு வாழ்ந்த இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், வாக்கு இருந்தது. அதில் நம் தமிழர்களும் அடக்கம். 2023-ல் ஹம்சா யூசுப் முதல் அமைச்சரானபோது லேபர் கட்சியின் ஸ்காட்லாந்துத் தலைவராக இருந்தவர் அனஸ் சர்வார். இருவருமே கிளாஸ்கோவில் பிறந்த, பாகிஸ்தான் வழிக் குடும்பத்தினர். யூசுப் 'ஆம்', சர்வார் 'இல்லை'. ஆங்கிலேயர் மீதான வெறுப்பு அங்கே எவரிடமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் இயக்கத்தின் அச்சாணி என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஸ்காட்லாந்தை நம்மைப் போன்ற ஒரு காலனி நாடாக வருணிப்பது. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். இலங்கையில் 1867-ல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட் என்றே ஒரு தோட்டம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் மலையகத் தமிழர்கள் கொழுந்து பறித்த மண் அது. பேரரசை நடத்தியதில் ஸ்காட்லாந்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் தனிநாடு கேட்கும் உரிமை இல்லாமல் போகாது. அந்தக் கோரிக்கையை அடிமைத்தளை அறுப்பு என்று பாடுவதுதான் பொருந்தாது.

பணக் கணக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து அரசே ஆண்டுதோறும் வெளியிடும் வரவு செலவுக் கணக்கு, ஒன்றியத்துக்குள் இருக்கும் இன்றைய நிலைமையைக் காட்டுவது. அதைத் தனிநாட்டின் முதல் நாள் பட்ஜெட் போலக் காட்டுவதும் தவறு, அது காட்டும் பற்றாக்குறையை மாயை என்று தள்ளுவதும் தவறு. வடகடல் எண்ணெயை நம்பி மட்டும் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2014-ன் முதற்பாதியில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றதும் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனதும் போதும்.

நம் அனுபவத்தை அங்கே பொருத்துவது

இதைத்தான் நான் கடைசியாக வைத்தேன், நமக்கு மிக நெருக்கமானது என்பதால். 1976-ல் இலங்கையில் தனி ஈழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். மறு ஆண்டுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி தமிழீழத்துக்கு ஆணை கேட்டு நின்று 18 இடங்களில் வென்றது. ஒரு தேர்தல் வெற்றியையே மக்கள் தீர்ப்பாக வாசிக்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது. அன்று தமிழர்களுக்கு வேறு வழி இல்லை. கேள்வியைத் தனியாக வைத்து யாரும் கேட்கவில்லை. 1983-ல் இலங்கை அரசமைப்பில் ஆறாம் திருத்தம் வந்து, பிரிவினையை ஆதரிப்பதே குற்றமானது. இந்தியாவில் 1963-லேயே, வேட்பாளர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றானது. பிரிட்டனில் அப்படி ஒரு தடை இல்லை. நாட்டைப் பிரிப்பதே கொள்கை என்று வெளிப்படையாகச் சொல்லும் கட்சி அங்கே தேர்தலில் நிற்கலாம், ஆளலாம், தோற்கலாம், மறுபடி வரலாம். கேள்வியும் தனியாகக் கேட்கப்பட்டது, விடையும் எண்ணப்பட்டது. அதனால் 'ஸ்காட்லாந்துக்குக் கொடுத்தார்கள், நமக்குக் கொடுக்கவில்லை' என்று பேசும்போது எது கொடுக்கப்பட்டது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். கிடைத்தது நாடு அல்ல, கேட்கும் வாய்ப்பு. அதுவும் ஒரு முறை.

தோற்ற மறுநாள், 2014 செப்டம்பர் 19-ல், சால்மண்ட் முடிவை ஏற்றுக்கொண்டு பதவி விலகப்போவதாக அறிவித்தார். வாக்கெடுப்பு நேரத்தில் சுமார் 25,000 உறுப்பினர்கள் இருந்த அவருடைய கட்சியில், அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.