வாங்காதே எனலாம், வாசலை மறிக்கக்கூடாது: புறக்கணிப்புப் போராட்டம் நடத்துவோருக்கு

ஒரு பொருளை வாங்க வேண்டாம் என்று ஊரைக் கேட்டுக்கொள்வது பேச்சுரிமைக்குள் அடங்கும். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு தணியும் முன், 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தது நினைவிருக்கும். வழக்கு வருவது பெரும்பாலும் நிற்கும் இடத்தால், மறித்த வாசலால், மைக்கில் நழுவிய ஒரு வார்த்தையால்.

முதலில் காவல்துறையிடம் மனு. சென்னையில் மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவின்படி ஐந்து நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும். மாவட்டங்களில் பெரும்பாலும், கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் காவல்துறை அனுமதி கேட்கச் சொல்லும் 1861 காவல் சட்டத்தின் 30(2) பிரிவு அமலில் இருக்கும். ஐந்து நாள் என்று சட்டம் சொன்னாலும் பத்து நாள் முன்பே கொடுங்கள். மறுப்பு முந்தைய நாள் மாலையில்தான் கைக்கு வரும். அதன் பிறகு உயர் நீதிமன்றம் போக நேரம் ஏது? மனுவில் இடம், தொடங்கும் முடியும் நேரம், வருவோர் எண்ணிக்கை, ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் பெயர், செல்பேசி எண் இருக்கட்டும். நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்காமல் நிலையத்தை விட்டு நகராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு அதுதான் அடிப்படை. ‘வேறு இடம் தருகிறோம்’ என்றால் உடனே முறுக்கிக்கொள்ள வேண்டாம். பொதுச்சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார உரிமையில்லை என்று டெல்லி ஷாஹீன் பாக் சாலை மறியல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது.

ஒலிபெருக்கிக்குத் தனியாக எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். சென்னையில் இதில் சிக்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது துண்டறிக்கை. அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘நிலத்தடி நீரை உறிஞ்சி விற்கிறார்கள், வாங்காதீர்கள்’ என்று எழுதினால் எத்தனை ஆழ்துளைக் கிணறு, எந்த ஆண்டு என்ற ஆவணம் கையில் இருக்கட்டும். ‘விஷம் கலக்கிறார்கள்’ என்றால் ஆய்வக அறிக்கை இல்லாமல் அச்சுக்கே அனுப்பாதீர்கள். குற்றவியல் அவதூறில் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356) சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். கேலிக்கு இடமுண்டு. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பு டாடாவைக் கேலிசெய்து வெளியிட்ட கணினி விளையாட்டுக்குத் தடை கேட்டு டாடா நிறுவனம் போன வழக்கில், 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை.

கோஷங்களை முன்பே எழுதி, மைக் பிடிப்பவரிடம் கொடுங்கள். ‘இந்தக் கம்பெனியிடம் வாங்காதே’ வேறு, ‘இந்த மதத்துக்காரனிடம் வாங்காதே’ வேறு. இரண்டாவது, பகைமை வளர்த்ததாக நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவை இழுத்து வரும். மூன்றாண்டு வரை சிறை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை ஊர்விலக்கம் செய்வதும், அவர்களிடம் வாங்காதே விற்காதே என்று கட்டுப்பாடு போடுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதற்குப் போராட்டம் என்று பெயர் வைத்தாலும் தப்ப முடியாது.

கடை முன் நிற்கும்போது வாசலை முழுதாகத் திறந்து விடுங்கள். கைகோத்து மறித்தால் அது முறையற்ற தடுப்பு, நியாய சன்ஹிதா பிரிவு 126. ஷட்டரில் கை வைக்காதீர்கள், உள்ளே போகிறவரைப் படமெடுத்து மிரட்டாதீர்கள். கடையடைப்புக்கு வேண்டுகோள் விடலாம், கட்டாயப்படுத்த முடியாது; கட்டாய பந்த் செல்லாது என்ற கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1997இல் உறுதிசெய்தது. ஒருவர் கல்லெறிந்தாலும் பொது நோக்கம் என்று சொல்லி மற்றவர்களையும் வழக்கில் சேர்ப்பார்கள். ஆகவே எறிந்த நிமிடமே மைக்கில் கண்டித்துக் கூட்டத்தைக் கலையுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் வீடியோ எடுக்க இருவரை நிறுத்துங்கள். ஒரு கைபேசியைப் பறித்தாலும் மற்றது இருக்கும்.

கைது செய்து மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டார்கள் என்றால் கதை முடிந்துவிட்டதென்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா, எந்தப் பிரிவுகள் என்று பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் விசாரணை வரும்போது அது தலைகாட்டும். அரசு உத்தரவை மீறியதாக மட்டும் வழக்கென்றால் (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 188, இப்போது நியாய சன்ஹிதா 223), சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தராமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க முடியாது. இந்தக் காரணத்துக்காக 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்குகளை ரத்து செய்தது. வழக்கறிஞரிடம் போகும்போது அந்தத் தீர்ப்பின் நகலும் ஒப்புகை முத்திரையுள்ள மனு நகலும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.