ஒயர் எட்டும் தூரம்: ஆக்னஸ் வர்தாவிடமிருந்து கற்றுக்கொள்வது எப்படி

1970களின் நடுவில், பாரிஸ் நகரத்துத் தகேர் தெருவில் குடியிருந்த திரைப்பட இயக்குநர் ஆக்னஸ் வர்தாவுக்குச் சின்னஞ்சிறு மகன் இருந்தான். குழந்தையை விட்டுவிட்டு வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போக முடியாத நிலையில், அவர் தம் வீட்டு மின்பெட்டியிலிருந்து ஒரு நீண்ட ஒயரைத் தெருவுக்கு இழுத்து, அது எட்டும் தூரம்வரை மட்டுமே படமெடுப்பது என்று முடிவு செய்தார். நூறு மீட்டர்கூட வராத அந்த நீளத்துக்குள் ஒரு ரொட்டிக் கடை, ஒரு கறிக்கடை, ஒரு தையற்கடை, வயதான தம்பதியர் நடத்திய ஒரு வாசனைத் திரவியக் கடை ஆகியவை இருந்தன. 1976இல் வெளிவந்த 'டாகெரியோடைப்ஸ்' என்ற ஆவணப்படம் இவர்களைப் பற்றியதுதான்.

வீடும் குழந்தையும் நோயாளியும் நம்மை ஓரிடத்தில் கட்டிப்போடும்போது, கட்டு அவிழும் நாளுக்காக வேலையைத் தள்ளிவைப்பதே பெரும்பாலோர் வழக்கம். வர்தா அந்தக் கட்டையே தம் படத்தின் எல்லையாக்கிக்கொண்டார். ஆகவே, முதலில் உங்கள் ஒயரின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை நிமிடம் உங்களுக்கென்று கிடைக்கிறது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போய்வர முடியும் என்பதை, ஆசையைக் கலக்காமல், உள்ளது உள்ளபடி எழுதிவையுங்கள். நாற்பது நிமிடமும் இரண்டு தெருவும்தான் என்றால், அதற்குள் முடியக்கூடிய ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டு நியாயமானது என்று நான் சொல்லவில்லை. வீட்டுப் பொறுப்பு பெண்ணின் தலையிலேயே விழுவதை வர்தாவும் ஏற்றுக்கொண்டவர் அல்லர். கருக்கலைப்பு உரிமைக்காக 1971இல் பிரெஞ்சுப் பெண்கள் 343 பேர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். உரிமைக்காகக் குரல் கொடுத்துக்கொண்டே, அது கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராமலும் இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்தது, அந்த எல்லைக்குள் இருப்பவர்களிடம் கேட்பது. கடைக்காரர்களிடம் வர்தா கேட்டவை எளிய கேள்விகள்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், வாழ்க்கைத் துணையை எப்படிச் சந்தித்தீர்கள், இரவில் என்ன கனவு காண்கிறீர்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருந்தார். வாசனைத் திரவியக் கடைக்காரரின் மனைவி பெரும்பாலும் பேசுவதில்லை. மாலை மங்கும் நேரத்தில் ஏதோ ஒன்று உந்த, கதவருகே போய் நின்றுவிடுவார். அந்தக் காட்சிக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இதைப் பார்த்த பிறகு, எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துத் தருபவரிடம், எத்தனையோ ஆண்டுப் பழக்கத்துக்குப் பின், முதல் முறையாக ஊரைப் பற்றிக் கேட்டேன். இஸ்திரிப் பெட்டியிலிருந்த கொட்டாங்கச்சிக் கரியை விசிறி, பொறி அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே, அவர் அரைமணி நேரம் பேசினார். நீங்கள் கேட்கும்போது கைப்பேசியைப் பையில் வைத்துவிடுங்கள்; அவர் வேலையை நிறுத்தாமலே பேசட்டும். ஓடும் கைதான் நாவை அவிழ்க்கிறது.

மூன்றாவதாக, பொறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 2000இல் வெளிவந்த 'பொறுக்குபவர்களும் நானும்' என்ற படத்துக்காக, எழுபது வயதைத் தாண்டிய வர்தா ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவுடன் பிரான்ஸ் முழுவதும் அலைந்தார். அறுவடை முடிந்த நிலத்தில் எஞ்சியதைப் பொறுக்கி உண்பவர்களை, நம்மூரில் தப்புக்கடலை பொறுக்குவதைப் போன்ற அந்தப் பழைய வழக்கத்தை, அவர் தேடிப்போனார். அளவு தவறியது, வடிவம் கோணியது என்று கொட்டப்பட்ட உருளைக்கிழங்குக் குவியலில் இதய வடிவக் கிழங்குகளைக் கண்டு, வீட்டுக்கு எடுத்துவந்து, அவை சுருங்கி முளைவிடுவதையும் கவனித்தார். கேமராவை அணைக்க மறந்து நடந்தபோது, தொங்கிய லென்ஸ் மூடி ஆடிக்கொண்டே இருந்தது பதிவாகிவிட்டது. அதையும் வெட்டி எறியாமல், ஜாஸ் இசை சேர்த்துப் படத்திலேயே வைத்துக்கொண்டார். நீங்கள் செய்து பாழானதாக நினைத்து ஒதுக்கியவற்றை ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எல்லாமே தேறாது, ஒன்றிரண்டு தேறும். இன்னொன்றும் உண்டு. படம் முடிந்ததும் அந்த மனிதர்களை அவர் மறந்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் தேடிப்போய்ச் சந்தித்து, 2002இல் அதையும் தனிப் படமாக்கினார். கதை கேட்டவர், கேட்ட இடத்துக்குத் திரும்பிப் போவதே மரியாதை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, நான் இன்னும் முழுதாகப் பழகாத ஒன்று: முதுமையையும் நோயையும் அருகிலிருந்து பார்ப்பது. கணவரும் இயக்குநருமான ஜாக் தெமி நோயுற்றிருந்தபோது, அவருடைய இளமைக் காலத்தை வர்தா படமாக்கினார். தெமி 1990 அக்டோபரில் இறந்தார், படம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. இளமைக் கதைக்கு நடுநடுவே தெமியின் தலைமுடியும், கண்ணும், தோலின் புள்ளிகளும் மிக அண்மையில் வந்து போகின்றன. பத்தாண்டுக்குப் பின், ஒரு கையில் கேமராவை வைத்துக்கொண்டு, சுருக்கம் விழுந்த தம் மற்றொரு கையையே அவ்வாறு படமெடுத்தார்.

இதற்குக் கேமரா தேவையில்லை. வீட்டில் படுத்திருப்பவருக்கு நகம் வெட்டிவிடும்போதோ எண்ணெய் தேய்த்துவிடும்போதோ, வேலையை முடித்து எழுந்துவிடும் அவசரத்தை விட்டு, அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, நரம்பு எங்கே புடைத்திருக்கிறது, பழைய தழும்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.