60களின் பூத பேட்ஜ்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

சட்டையில் ஊக்கால் குத்திக்கொள்ளும் வட்டத் தகர பேட்ஜை அமெரிக்காவில் பட்டன் என்பார்கள். ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ எடுத்த பழைய பேய்ப்படங்கள் 52, 1957இல் மொத்தமாகத் தொலைக்காட்சிக்குப் போயின. ஊர் ஊராக அவை இரவுக் காட்சியாக ஓட, பிள்ளைகளுக்குப் பூதப் பித்துப் பிடித்தது. டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன், மம்மி எல்லாரும் மோதிரமாகவும் பேட்ஜாகவும் மாறி, காசு போட்டுத் திருகினால் பொருள் விழும் கம்பால் (சூயிங்கம் உருண்டை) இயந்திரங்களுக்குள் புகுந்தார்கள். அந்தக் காலத்து பேட்ஜ் ஒன்றைத் திரும்பத் தேடுகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு.

பூதத்தின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். தேடல் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். பேட்ஜில் இருந்த படம் பற்றிய நினைவு ஐம்பது அறுபது ஆண்டில் உருமாறிப்போயிருக்கும். பேட்ஜின் அளவும், அது செய்யப்பட்ட விதமும், விளிம்பில் உள்ள பொடி எழுத்தும் மாறாது. அவற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

படி 1: நினைவைத் தாளில் இறக்குங்கள்

எதையும் தேடுவதற்கு முன் இது நடக்க வேண்டும். நாலு படம் பார்த்துவிட்டால் சொந்த நினைவு கலைந்துவிடும். எழுத வேண்டியவை: எத்தனை பெரியது, சாய்த்தால் படம் மாறியதா, எழுத்து இருந்ததா, பின்னால் ஊக்கு இருந்ததா. கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். சாய்த்தால் படம் மாறும் பூத மோதிரங்கள் 60களில் ஏராளமாக வந்தன. பேட்ஜ் என்று மனத்தில் பதிந்திருப்பது மோதிரத்தின் முகப்பாக இருக்கலாம்.

அது திரைப்பட பூதம்தானா என்பதையும் யோசியுங்கள். பச்சை நிற எலி, பிதுங்கிய கண், சிவப்பு உடையில் ‘ஆர்.எஃப்.’ என்ற எழுத்து என்றால் அது எட் ராத் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்த ராட் ஃபிங்க். யுனிவர்சலில் அது கிடைக்காது.

படி 2: அளவு

இயந்திரத்தில் விழுந்தவை சிறியவை: பெரும்பாலும் 7/8 அங்குலம் (22 மி.மீ.) அல்லது 1 அங்குலம் (25 மி.மீ.). 2¼ அங்குலத்துக்கு மேல் என்றால் கடையிலோ தபாலிலோ வாங்கியதாக இருக்கும்.

விற்கிறவர் அளவு போடாமல், பக்கத்தில் நாணயம் வைத்துப் படம் எடுத்திருந்தால் கணக்குப் போட்டுவிடலாம். அமெரிக்கப் பென்னியின் குறுக்களவு 19.05 மி.மீ., நிக்கல் 21.21, குவார்ட்டர் 24.26. திரையில் ஸ்கேலை வைத்து அளக்கும்போது குவார்ட்டர் 40 மி.மீ., பேட்ஜ் 36 மி.மீ. என்று வந்தால், 36ஐ 40ஆல் வகுத்து 24.26ஆல் பெருக்குங்கள். 21.8 வரும், அது 7/8 அங்குல பேட்ஜ். நாணயமும் பேட்ஜும் ஒரே தளத்தில் கிடக்க வேண்டும், படமும் நேர் மேலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

படி 3: எப்படிச் செய்தது?

மூன்று வகை.

*செல்லோ:* தகரக் கூடு, அதன்மேல் அச்சடித்த தாள், அதன்மேல் ஒளி ஊடுருவும் படலம். மூன்றையும் பின்னாலிருந்து ஒரு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். நியூஜெர்ஸி நெவார்க்கின் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1896இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான்.

*லித்தோ:* தாளும் இல்லை, படலமும் இல்லை. தகரத் தகட்டிலேயே அச்சடித்து வெட்டி வளைத்தது. பின்னால் வளையம் இருக்காது. சுருட்டிய விளிம்புக்குள் ஊக்குக் கம்பி செருகியிருக்கும். மலிவு என்பதால் இயந்திரங்களில் இதுவே அதிகம்.

*ஃபிளிக்கர்:* மேலே வரிவரியாக நெளிந்த பிளாஸ்டிக். நகத்தால் வருடினால் சரசரக்கும். ஐசன்ஹோவரின் ‘ஐ லைக் ஐக்’ தேர்தல் பேட்ஜ்களைச் செய்த வேரி-வியூ இதில் பெரிய பெயர். விளிம்பில் ‘பிக்டோரியல் புரொடக்ஷன்ஸ், மவுண்ட் வெர்னன்’ என்று அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தால் அவர்கள் செய்தது.

படத்தில் செல்லோவா லித்தோவா என்று குழம்பினால் கீறலைப் பாருங்கள். லித்தோவில் கீறல் விழுந்த இடத்தில் வெறும் தகரம் பளிச்சென்று தெரியும். செல்லோவில் படலம்தான் கோடு விழுந்திருக்கும், கீழே நிறம் அப்படியே இருக்கும்.

படி 4: தேடுதல்

ஈபே ஏலத் தளத்தில் வெறுமனே ‘மான்ஸ்டர் பட்டன்’ என்று தட்டினால் மான்ஸ்டர் ஹை பொம்மை, மான்ஸ்டர் எனர்ஜி பானம், மான்ஸ்டர் ஜாம் லாரி, தையல் (சோயிங்) பொத்தான் எல்லாம் வந்து கொட்டும். ஒரே பொருளுக்கு விற்கிறவர்கள் போடும் பல பெயர்களை அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக் கூடாது. வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி, அதன் பின்னும் இடைவெளி கூடாது. ஆங்கிலத்தில் தட்ட வேண்டியது இப்படி:

(பின்பேக்,பின்-பேக்,பட்டன்,பேட்ஜ்) (மான்ஸ்டர்,டிராகுலா,வுல்ஃப்மேன்,மம்மி) -ஹை -எனர்ஜி -ஜாம் -சோயிங் -போகேமான்

சாய்த்தால் மாறுவதற்கு ‘ஃபிளிக்கர்’, ‘ஃபிளாஷர்’, ‘லென்டிகுலர்’, ‘வேரி-வியூ’ நான்கையும் சேருங்கள். ஃபிராங்கன்ஸ்டைன் என்ற சொல்லில் ‘இ’ (e), ‘ஐ’ (i) என்ற ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப் பிழையாகவும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். பிழையாக எழுதியதை மற்றவர்கள் காணாததால் போட்டி குறைவு.

இவ்வளவு செய்தும் கிடைக்காமல் போவதற்குக் காரணம் ஒன்று உண்டு. வீட்டைக் காலி செய்து விற்கிறவருக்கு இது டிராகுலா என்றோ பேட்ஜ் என்றோ தெரிந்திருக்காது. பத்துப் பதினைந்து சில்லறைப் பொருளோடு ஒரு தட்டில் கொட்டிப் படம் எடுத்திருப்பார். எனவே பூதத்தை அடியோடு விட்டுவிட்டு ‘ஜங்க் டிராயர் லாட்’, ‘கம்பால் பிரைஸ் லாட்’, ‘வென்டிங் மெஷின் டாய் லாட்’ என்று தேடி, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். கோலி, சாவி, பிளாஸ்டிக் விசில் இவற்றுக்கு நடுவே கவிழ்ந்து கிடக்கும் ஒரு சிறு தகர வட்டமும், அதன் பின்னால் வளைந்த கம்பியும் தெரிந்தால் திருப்பிப் போட்டு ஒரு படம் கேளுங்கள். பொறுமை தின்னும் வேலைதான், ஆனால் நல்ல பேட்ஜ்கள் இப்படித்தான் அகப்படுகின்றன.

‘டிஸ்ப்ளே கார்டு’ என்ற சொல்லையும் மறக்காதீர்கள். இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் விளம்பர அட்டை அது. தொகுப்பின் பேட்ஜ்களை அதிலேயே பொருத்தியிருப்பார்கள். அட்டையை வாங்காவிட்டாலும் அதன் படத்தைச் சேமித்தால், தொகுப்பில் என்னென்ன உண்டு என்பது விளங்கிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க, சிகாகோவில் பிஸி பீவர் என்ற பேட்ஜ் நிறுவனம் நடத்தும் பட்டன் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன். முன் பக்கத்தோடு பின் பக்கமும் விளிம்பு எழுத்தும் பதிவு செய்கிறார்கள். 1967இல் தொடங்கிய ஹேக்ஸ் ஏல நிறுவனத்தின் பழைய ஏலப் பக்கங்களும் நல்ல பாடம். விலைக்கு ஈபேயில் ‘விற்றவை’ வடிகட்டியை மட்டும் நம்புங்கள். கேட்கும் விலை யாரும் எதுவும் போடலாம்.

படி 5: காலமும் அசலும்

விளிம்பில் உள்ள ஆண்டு, பேட்ஜ் செய்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை; பாத்திரத்தின் உரிமை ஆண்டாகவும் இருக்கலாம். உறுதியான அடையாளங்கள் வேறு. கருங்காயல் நீர்ப்பூதம் (‘கிரியேச்சர் ஃபிரம் த பிளாக் லகூன்’) திரைக்கு வந்தது 1954இல், ஆகவே அதன் பேட்ஜ் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அட்டையிலோ உறையிலோ ஐந்து இலக்க ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963 ஜூலை அல்லது அதற்குப் பின். பார்கோடு இருந்தால் 70களுக்கு முன்னால் போகாது.

புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் போலி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சோதனை இங்கே உதவாது. தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வுப் பொருளை 1950களிலேயே தாளில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1964இன் அசல் செல்லோவும் ஒளிரலாம். லித்தோவில் தாளே கிடையாது, அதனால் அங்கே சோதிக்க ஒன்றுமில்லை.

அதற்குப் பதில் 10 மடங்கு லூப் (கைக்கடக்கமான உருப்பெருக்கி) ஒன்று வாங்குங்கள். பழைய அச்சில் ஒரே சீரான நிறப்பரப்போ, வரிசையான புள்ளிகளோ தெரியும். இங்க்ஜெட்டில் புள்ளிகள் மணல் தூவியதுபோல் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். நிறம் கோட்டைத் தாண்டி விலகியிருந்தால் சந்தேகப்பட வேண்டாம், மலிவுத் தகர அச்சில் அது வழக்கம். சந்தேகப்பட வேண்டியது இதற்கு: லித்தோவாக இருக்க வேண்டியது செல்லோவாக, 7/8 அங்குலம் இருக்க வேண்டியது 1 அல்லது 1¼ அங்குலமாக வந்தால். இன்று வீட்டில் பேட்ஜ் அடிக்கும் கருவிகளில் அந்த அளவுகளே பரவலானவை.

படி 6: வாங்குமுன்

பின் பக்கப் படம், விளிம்பின் படம் இரண்டும் கேளுங்கள். ஃபிளிக்கர் என்றால் சிறு காணொளி. வரிகள் செங்குத்தாக இருந்தால் இடம் வலமாகவும், கிடையாக இருந்தால் மேல் கீழாகவும் ஆட்டச் சொல்லுங்கள். ஒரு படம் மட்டும் தெளிவாகவும் மற்றது பேய் நிழல்போல் கலந்தும் தெரிந்தால், வரித்தகடு அச்சிலிருந்து விலகிவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை.

படி 7: கைக்கு வந்தபின்

தண்ணீர் வேண்டவே வேண்டாம். செல்லோவின் விளிம்பு வழியாக ஒரு சொட்டு உள்ளே போனால் தாளில் பழுப்புக் கறை படரும், பிறகு போகாது. உலர்ந்த மென்தூரிகை போதும். லித்தோவில் பற்பசை, பித்தளைப் பாலிஷ் போட்டால் துருவோடு நிறமும் போய்விடும். ஃபிளிக்கரில் அசிட்டோன், ஸ்பிரிட் படக் கூடாது. பி.வி.சி. உறையைத் தவிர்த்து, பாலிபுரப்பலீன் உறையில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

சேர்க்கை: பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது அசிட்டேட் படலம் சிதைவதன் அடையாளம். வெளியேறும் அமில ஆவி பக்கத்து பேட்ஜ்களையும் கெடுக்கும், ஊக்குக் கம்பியையும் துருவேற்றும். வாடை வரும் பேட்ஜை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள். மூடிய டப்பாவில் அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கி, சிதைவு இன்னும் வேகமாகும்.