பகுதியின் மூத்தவர்களிடம் வாய்மொழி வரலாறு பதிவு செய்வது எப்படி?

1. முதல் சந்திப்பு
மைக் இல்லாமல் போங்கள். பிறந்த ஆண்டு, குடிவந்த ஆண்டு, பார்த்த வேலை, இவ்வளவு போதும். கதைக்குள் இறங்க விடாதீர்கள். இன்று விரிவாகச் சொல்பவர், பதிவு நாளில் “அதான் அன்னைக்கே சொன்னேனே” என்று நாலு வரியில் முடித்துவிடுவார். பழைய புகைப்படங்களைத் தேடி வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

2. ஒப்புதல்
எழுத்தில் வாங்குங்கள். பதிவு செய்யலாமா, இணையத்தில் போடலாமா, பெயரோடு போடலாமா என மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வெளியிடுவதற்கான கையெழுத்தைப் பேசி முடித்த பிறகு வாங்குவதே நியாயம். என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரியும்.

3. கருவியும் அறையும்
ஃபோனே போதும். ஆனால் வயருள்ள காலர் மைக் ஒன்று கட்டாயம் வேண்டும். மோவாய்க்கு ஒரு சாண் கீழே, சங்கிலியோ துண்டோ உரசாத இடத்தில் மாட்டுங்கள். பதிவுச் செயலியின் அமைப்புகளில் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காத கோப்பு) வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வையுங்கள்: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். செயலியின் ஒலி அளவுகோலில் குரல் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும்; அதில் பூஜ்யம்தான் மேல் எல்லை. பூஜ்யத்தைத் தொட்டுக் கரகரத்த ஒலியை முழுதாகச் சீராக்க முடியாது. ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு, ஒரு நிமிடம் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள்.

ஃபேன், ஃபிரிட்ஜ் இரைச்சல் நம் காதுக்குப் பழகிப்போனது. மைக்குக்குப் பழக்கம் கிடையாது. ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் வீடு போக முடியாது! வெறும் சுவர்கள் எதிரொலிக்கும். திரைச்சீலை, மெத்தை உள்ள அறை நல்லது.

4. பேச்சு
தேதி, இடம், இருவர் பெயரையும் சொல்லித் தொடங்குங்கள்.

“அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?” என்றால் “நல்லா இருந்துச்சு” என்றுதான் பதில் வரும். “உங்க வாசல்ல நின்னா இடது பக்கம் முதல் வீடு யாரோடது?” என்று கேளுங்கள். ஒரு தாளில் தெருவை வரையச் சொன்னால் வீடு வீடாக நினைவு நகரும். ஆண்டு தெரியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்; “மூத்த பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” போதும்.

“ம்ம்” கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நல்ல பகுதி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பின்தான் வரும். புதியவர்கள் அங்கேதான் அடுத்த கேள்வியைப் போட்டுக் கெடுக்கிறார்கள். கையைக் காட்டி “இவ்வளவு உசரம்” என்றால், “இடுப்பளவா?” என்று கேட்டு வாய்வார்த்தையாக வாங்கிவிடுங்கள். அழுதால் பதிவை நிறுத்தலாமா என்று அவரிடமே கேளுங்கள். 90 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

5. பிறகு
அன்றே மூன்று பிரதிகள். ஒன்று வேறு வீட்டில். மூலக் கோப்பை வெட்டாதீர்கள். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி முதலில் வரட்டும்.

ஒரு மணி நேரப் பேச்சை முழுதாக எழுத நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும். அதனால் முதலில் நேரக்குறிப்பு மட்டும் போடுங்கள்: “00:14:20 – கிணறு தூர்ந்தது.” ஆள் பெயர், இடப் பெயர்களை அவரிடமே காட்டிச் சரிபார்த்து, ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்த பிறகே வெளியிடுங்கள்.